உள்ளரங்கில் ஷட்டர் வேகம்: ஏற்றினால் கறுப்பு, இறக்கினால் இழுப்பு. மேனுவலில் எங்கே தவறுகிறேன்?

#1 நிழற்குடை

வணக்கம். கேமரா வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். வெளியே வெயிலில் எடுப்பதெல்லாம் நன்றாக வருகிறது. உள்ளரங்கில்தான் தோற்றுப்போகிறேன்.

என் மகள் இறகுப்பந்து ஆடுகிறாள். ஆட்டோவில் எடுத்தால் கையும் மட்டையும் புகை மாதிரி இழுபட்டு வருகின்றன, முகமும் தெளிவில்லை. படத்தின் விவரத்தில் 1/60 (ஷட்டர் திறந்திருக்கும் நொடி), எஃப் 5.6 (அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 1600 (படத்தைப் பதியும் சென்சாரின் ஒளியுணர்வு) என்று இருக்கிறது. ஷட்டர் வேகம் போதவில்லை என்று படித்துவிட்டு, எண்களை நாமே வைக்கும் மேனுவலுக்குப் போய் 1/1000 வைத்தேன். ஒரே கறுப்பு, கூரை விளக்குகள் மட்டும் தெரிந்தன. பயந்துபோய்க் குறைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் 4 என்று வைத்ததாக நினைவு. ஒரே வெள்ளை. நடுவில் சரியான இடம் ஒன்று இருந்திருக்க வேண்டும், எனக்கு அகப்படவில்லை.

இன்னொரு சந்தேகம். நான் தொடாமலேயே அப்பர்ச்சர் எண் தானாக மாறுகிறது. கேமராவில் ஏதாவது கோளாறா? வரும் ஞாயிறு அவளுக்கு முதல் போட்டி. அதற்குள் கற்றுக்கொள்ள ஆசை.

#2 மூன்றாம்கண்

கறுப்பாக வந்த படத்தில் ஐஎஸ்ஓ என்ன இருந்தது சார்? அதைப் பார்த்துச் சொல்லுங்க, பாதிப் பதில் அங்கேயே இருக்கும்.

#3 நிழற்குடை

இப்போதுதான் பார்த்தேன். 100. நான் அதை வைக்கவே இல்லையே?

#4 பழையரோல்

தம்பி, கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. ஆட்டோவில் ஐஎஸ்ஓவைக் கேமரா பார்த்துக்கொண்டது. மேனுவலுக்கு மாறியதும், அங்கே ஏற்கெனவே என்ன எண் கிடந்ததோ அது வந்து உட்கார்ந்துவிட்டது. வெயிலில் எடுத்தபோது வைத்த 100-ஆக இருக்கும்.

நீங்கள் தந்த எண்களை வைத்தே கணக்குப் போடலாம். ஆட்டோ தந்த 1/60, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600 என்பது அந்த அரங்கின் வெளிச்சத்துக்குச் சரியான அளவு. அதை அடிப்படையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 60-லிருந்து 125, 250, 500, 1000 என்று நான்கு படி ஏறினீர்கள். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும், அந்தப் படிக்குத்தான் ஸ்டாப் என்று பேர். ஐஎஸ்ஓவோ 1600-லிருந்து 800, 400, 200, 100 என்று நான்கு படி இறங்கிக் கிடந்தது. ஆக மொத்தம் எட்டு ஸ்டாப். எட்டு முறை பாதியாக்கினால் 256-ல் ஒரு பங்கு. விளக்கைத் தவிர வேறெதுவும் எப்படித் தெரியும்?

இப்போது அந்த வெள்ளைப் படம். கேமராத் திரையில் 4 என்று மட்டும் இருந்தால் அது 1/4 நொடி. பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டிருந்தால் நான்கு முழு நொடி. உங்களுடையது நான்கு நொடிதான் என்று அடித்துச் சொல்வேன். காரணம், ஐஎஸ்ஓ 100-ல் 1/4 நொடி வைத்தால் வெளிச்சம் ஆட்டோ படத்துக்குச் சமமாக வந்திருக்கும். ஷட்டரில் நான்கு படி இறங்கியது, ஐஎஸ்ஓவில் இழந்த நான்கு படிக்குச் சரியாகப் போய்விடும். அதாவது நீங்கள் தேடிய "சரியான இடத்தை" வழியில் கடந்துதான் போயிருக்கிறீர்கள். கால் நொடியில் ஆட்டக்காரர் எல்லாரும் கரைந்துபோயிருப்பார்கள், அதனால் அது சரியான வெளிச்சம் என்று கண்ணுக்குப் படவில்லை.

அப்பர்ச்சர் தானாக மாறுவது லென்ஸின் இயல்பு. அதன் முனையில் 3.5-5.6 என்று அச்சிட்டிருக்கும். எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. 18 மி.மீ.யில் எஃப் 3.5 வரை திறக்கும், 55-க்கு ஜூம் செய்தால் 5.6-க்கு மேல் திறக்காது. மேனுவலில் எல்லாம் சரியாக வைத்துவிட்டு ஜூம் செய்தால், ஒரு ஸ்டாப்புக்கும் கூடுதலாக வெளிச்சம் குறையும்.

#5 நிழற்குடை

ஐயா, அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். இரட்டைக் கோடு இருக்கிறது! நான்கு நொடியேதான். எட்டு மாதமாக அந்தக் கோடுகளை நான் கவனித்ததே இல்லை.

ஒன்று புரிகிறது. ஷட்டரை மட்டும் திருப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டில் ஒன்று ஈடுகட்ட வேண்டும். சரியா?

#6 பழையரோல்

சரி. அவ்வளவுதான் மேனுவல்.

#7 ஜன்னலோரம்

அண்ணா, லென்ஸ்ல ஸ்டெபிலைசர் சுவிட்ச் இருக்கும் பாருங்க. அத ஆன் பண்ணுனா இழுப்பு போயிடும். நான் 1/15-ல கூட கையில புடிச்சு எடுத்திருக்கேன், கண்ணாடி மாதிரி வந்துச்சு.

#8 வானம்பாடி

ஜன்னலோரம் தம்பி, நீங்க எடுத்தது நிற்கிற பொருளா இருக்கும். ஸ்டெபிலைசர் நம்ம கை ஆடுறதைத்தான் சமாளிக்கும். எதிரே ஓடுற குழந்தையை அது நிறுத்தி வைக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் பாதிப் பேர் லென்ஸ் மேல பழி போடுறாங்க, அதனால கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

படம் தெளிவில்லைன்னா, எதனாலன்னு முதல்ல படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. சுவர், வலை, தரைக்கோடு, ஆள் எல்லாமே ஒரே திசையில இழுபட்டிருந்தா அது நம்ம கை. சுவரும் வலையும் கூர்மையா இருந்து ஆள் மட்டும் கலைஞ்சிருந்தா அது ஆட்டக்காரரோட அசைவு. ஆள் மங்கலா இருக்க, அவருக்குப் பின்னால உள்ள நாற்காலி கூர்மையா இருந்தா ஷட்டர் மேல தப்பே இல்லை, ஃபோகஸ் வேற இடத்துல விழுந்திருக்கு. மூணுக்கும் மருந்து வேற வேற.

கை ஆட்டத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸ் 50 மி.மீ. என்றால் 1/50-க்குக் கீழே போகாதேன்னு. அது 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சொன்னது. ஆரம்பநிலை கேமராக்கள்ல சென்சார் சின்னது, அதனால 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்கணும். 55 மி.மீ.க்கு 1/90 கிட்ட வரும். நீங்க எடுத்தது 1/60. அப்போ உங்க படத்துல கை ஆட்டமும் கொஞ்சம் கலந்திருக்கலாம், முகம் தெளிவில்லைன்னு சொன்னீங்களே.

இப்ப மகளோட அசைவு. ஒருத்தர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல ஓடுறார்னு வெச்சுக்குங்க. 1/60 நொடியில 8 செ.மீ. நகர்ந்துடுவார். முகத்துல பாதி! 1/250-ல 2 செ.மீ., 1/500-ல 1 செ.மீ. தூரத்துல இருந்து முழு உருவமா எடுக்கும்போது 1 செ.மீ. கண்ணுக்குத் தெரியாது. கையும் மட்டையும் உடம்பைவிடப் பல மடங்கு வேகமாப் போகும், அது 1/500-லயும் கொஞ்சம் இழுபடும். இழுபடட்டும். முகம் கூர்மையா இருந்து மட்டை லேசா இழுபட்டாத்தான் அடியோட வேகம் படத்துல தெரியுது. எல்லாத்தையும் உறைய வெச்சா மட்டையைச் சும்மா தூக்கிப் புடிச்ச மாதிரி ஆயிடும்.

நான் பெரும்பாலும் பறக்குற பறவைகளைத்தான் எடுக்கிறேன். அங்க 1/2000 வரை போவேன். அந்த எண்ணை உங்க அரங்குக்குக் கொண்டுவர வேண்டாம். உங்களுக்கு 1/500 போதும்.

#9 மூன்றாம்கண்

அக்கா சொன்னதோட இன்னொன்னு. குறுக்கே ஓடுறவங்கதான் அதிகமா இழுபடுவாங்க. நம்மளை நோக்கி வர்றவங்க அவ்வளவு இழுபட மாட்டாங்க. அதனால பக்கவாட்டுல உட்காராம, எதிர்ப்பக்கத்து மூலையில இடம் பிடிங்க சார். முகமும் நேராத் தெரியும்.

அப்புறம் குதிச்சு அடிக்கும்போது உச்சியில ஒரு கணம் மேலேயும் போகாம கீழேயும் வராம நிப்பாங்க. அந்தக் கணத்துல 1/250-ஏ போதும். ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் கேமரா இல்லாம பாருங்க, உங்க மகள் எப்ப குதிப்பாங்கன்னு உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

#10 நிழற்குடை

அனைவருக்கும் நன்றி. இன்று பயிற்சியின்போது முயன்றேன். 1/500, எஃப் 5.6 வைத்தேன். பழையரோல் ஐயா சொன்ன கணக்குப்படி 1/60-லிருந்து மூன்று ஸ்டாப், ஆகவே ஐஎஸ்ஓ 1600-ஐ மூன்று படி ஏற்றி 12800. வெளிச்சம் சரியாக வந்தது! முதல் முறையாக அவள் கண் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் படம் முழுக்க மணல் தூவியது போல் புள்ளி. இதைவிட அந்த இழுபட்ட படமே மேலோ என்று தோன்றிவிட்டது.

ஒரு சிறு கேள்வி. என் கேமராவில் ஒரே ஒரு சுழல்சக்கரம். ஷட்டரை மாற்ற அதைத் திருப்புகிறேன். அப்பர்ச்சருக்கு மெனுவுக்குள் போக வேண்டியிருக்கிறது.

#11 மூன்றாம்கண்

மெனு வேண்டாம். பிளஸ் மைனஸ் போட்ட ஒரு பொத்தான் ஷட்டர் பொத்தானுக்குப் பக்கத்திலயோ பின்னாடியோ இருக்கும். அதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே சக்கரத்தைத் திருப்பினா அப்பர்ச்சர் மாறும். ஒரே சக்கரம் உள்ள கேனான், நிக்கான் ரெண்டுலயும் இதே வழிதான்.

#12 பழையரோல்

புள்ளியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். புள்ளியைப் பின்னால் குறைக்கலாம், ரா ஃபைலாக (சென்சார் பதிந்த மூலத் தரவாக) எடுத்திருந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கலாம். இழுபட்ட கண்ணை எந்த மென்பொருளாலும் அன்று இருந்தபடி மீட்க முடியாது. இரண்டில் ஒன்று என்றால் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 45 வருடம் ஃபிலிமில் எடுத்தவன் சொல்கிறேன். நாங்கள் ஐஎஸ்ஓ 400 ரோலை 1600 என்று வைத்து எடுத்து, லேபில் கூடுதல் நேரம் கழுவி, கோலி உருண்டை போலப் புள்ளி வந்தாலும் அச்சுக்குக் கொடுத்தோம். பார்த்தவர்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

ஆனாலும் 12800 வரை போக வேண்டியதில்லை. ஜூம் செய்யாமல் 18 மி.மீ.யிலேயே வைத்து, கோர்ட்டுக்கு நெருங்கி நில்லுங்கள். எஃப் 3.5 கிடைக்கும். 1/500-க்கு ஐஎஸ்ஓ 5000 போதும். 1/320-க்கு இறங்கத் துணிந்தால் 3200. ஓரங்களை வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

நிரந்தரத் தீர்வு லென்ஸில் இருக்கிறது. 50 மி.மீ. எஃப் 1.8. பெரும்பாலான நிறுவனங்கள் போடுகிற, லென்ஸ் வரிசையில் மலிவான வகைகளில் ஒன்று. எஃப் 5.6-லிருந்து 4, 2.8, 2 என்று மூன்று ஸ்டாப். உங்களுக்குத் தேவைப்பட்ட மூன்று ஸ்டாப்பும் அதிலேயே அடங்கிவிடுகிறது பாருங்கள். 1/500, எஃப் 2, ஐஎஸ்ஓ 1600. முதலில் ஆட்டோ தந்த அதே ஐஎஸ்ஓ. யாரிடமாவது இரவல் கிடைத்தால் ஞாயிறுக்கு வாங்கிக்கொண்டு போங்கள்.

#13 ஜன்னலோரம்

ஐயா, எஃப் 2-ல ஃபோகஸ் ரொம்ப மெல்லிசா இருக்குமே? மூக்கு தெளிவா இருந்தா காது மங்கிடும்னு சொல்வாங்களே?

#14 வானம்பாடி

ஒரு மீட்டர் தள்ளி முகத்தை மட்டும் எடுத்தா அப்படி ஆகும். 50 மி.மீ., எஃப் 2, 8 மீட்டர் தூரம்னா இந்தச் சென்சார்ல முன்னும் பின்னுமா ஏறக்குறைய 2 மீட்டர் கூர்மையா இருக்கும். ஆள் முழுசா அடங்கிடுவாங்க. ஃபோகஸை மட்டும் தொடர் முறையில வெச்சு நடுப்புள்ளியைத் தேர்ந்துக்குங்க. ஒரு தடவை பூட்டிட்டு நின்னுடற முறையில இருந்தா, அவ ரெண்டு அடி முன்னால வந்ததும் போச்சு.

#15 கதிரொளி

எல்லோரும் முழு மேனுவலுக்கே அனுப்புகிறீர்கள். அவர் புதியவர். ஷட்டரும் அப்பர்ச்சரும் மட்டும் அவர் கையில் இருக்கட்டும், ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடட்டும். எம் (மேனுவல்) மோடிலேயே இது நடக்கும். 1/500, எஃப் 2 பூட்டிவிட்டு ஆட்டத்தைக் கவனிக்கலாம், வெளிச்சம் மாறினால் கேமரா பார்த்துக்கொள்ளும். நான் பத்து வருடமாக இப்படித்தான் எடுக்கிறேன், ஐஎஸ்ஓவைக் கையால் திருப்பிக்கொண்டிருந்து ஒரு நல்ல கணத்தை இழந்ததில்லை.

#16 பழையரோல்

கதிரொளி, வெளியே மேகம் வந்து போகிற இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. நானும் அங்கே அப்படித்தான். உள்ளரங்கில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே கூரை விளக்கு காலையிலிருந்து மாலை வரை ஒரே அளவு. மாறாத வெளிச்சத்துக்கு மாறுகிற ஐஎஸ்ஓ எதற்கு?

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். அந்தப் பெண் வெள்ளைச் சட்டையில் கிட்ட வந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று ஐஎஸ்ஓவைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். அடுத்த நொடி பின்சுவரின் கரும்பச்சைப் பக்கம் திரும்பினால் ஏற்றிவிடும், முகம் வெளுத்துப்போகும். இருந்த இடத்தில் இருந்த முகத்துக்கு இரண்டு வெளிச்சம். அரங்குக்குள் நுழைந்ததும் நான்கைந்து சோதனைப் படம் எடுத்து, முகத்துக்குச் சரியான அளவைப் பிடித்துப் பூட்டிவிட்டால் அன்று முழுவதும் தொட வேண்டாம். மீட்டரின் கோடு அங்கும் இங்கும் ஓடும், அதைத் துரத்தாதீர்கள்.

#17 கதிரொளி

அரங்கின் ஒரு பக்கம் பெரிய சன்னல்கள் இருந்தால்? மூலைகளில் வெளிச்சம் குறைந்தால்? பல அரங்குகளில் கோர்ட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம் பார்த்திருக்கிறேன்.

#18 பழையரோல்

சன்னல் இருந்தால் உங்கள் வழிதான். அதை ஒப்புக்கொள்கிறேன். நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒரு ஸ்டாப் என்றால், நடுவுக்கு வைத்துவிட்டு ஓரத்தில் எடுத்ததைப் பின்னால் ஒரு ஸ்டாப் ஏற்றிக்கொள்வேன். ரா ஃபைல் அதைத் தாங்கும்.

நிழற்குடை தம்பி, உங்கள் அரங்கில் சன்னல் உண்டா?

#19 நிழற்குடை

சன்னல் இல்லை ஐயா. கூரை விளக்குகள் மட்டும். பூட்டி வைத்தே எடுக்கிறேன்.

ஆனால் புதிதாக ஒன்று. நண்பரிடம் 50 மி.மீ. இரவல் வாங்கி இன்று 1/500, எஃப் 2, ஐஎஸ்ஓ 1600-ல் தொடர்ச்சியாக எடுத்தேன். எதையும் மாற்றவில்லை. ஆனாலும் ஒரு படம் சரியாக, அடுத்தது மஞ்சளாக, அதற்கடுத்தது இருட்டாக வருகிறது. சிலவற்றில் கீழ்ப்பாதி மட்டும் இருட்டு. மேனுவலில் பூட்டியும் மாறுகிறதே!

#20 மூன்றாம்கண்

நீங்க எதையும் தப்பா செய்யலை சார். மாறுறது அரங்கத்து விளக்கு. பழைய குழல்விளக்கும், சரியான டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்குற பகுதி) இல்லாத எல்இடியும் மின்சாரத்தோட சேர்ந்து துடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்னா நொடிக்கு 100 தடவை வெளிச்சம் ஏறி இறங்கும், 60 ஹெர்ட்ஸ்னா 120 தடவை. கண்ணுக்குத் தெரியாது. ஒரு துடிப்புக்கு 1/100 நொடி. ஷட்டர் 1/100-ஆ இருந்தா முழுத் துடிப்பும் படத்துக்குள்ள வந்துடும், எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும். 1/500 வெச்சா அந்தத் துடிப்புல அஞ்சுல ஒரு துண்டுதான் கிடைக்குது. ஏறுற துண்டா இறங்குற துண்டாங்கறது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது. நிறமும் துடிப்போட சேர்ந்து மாறுறதால மஞ்சள் வருது.

கீழ்ப்பாதி இருட்டுக்குக் காரணம் ஷட்டரோட அமைப்பு. அதுல ரெண்டு திரை இருக்கு. 1/200 மாதிரி வேகம் வரைக்கும் முதல் திரை முழுசா திறந்த பிறகுதான் ரெண்டாவது மூடும். அதுக்கு மேல போனா முதல் திரை முழுசா போறதுக்குள்ள ரெண்டாவது கிளம்பிடும், நடுவுல ஒரு கீற்று மட்டும் சென்சார் மேல நகர்ந்துக்கிட்டே போகும். படத்தோட மேல்பாதியைக் கீற்று கடக்கும்போது விளக்கு பிரகாசமா இருக்கு, கீழ்ப்பாதியைக் கடக்கும்போது மங்கியிருக்கு. பிளாஷுக்கு 1/200, 1/250-னு எல்லை வெச்சிருக்கிறதும் இதனாலதான். (ஆட்டத்துல பிளாஷ் போடாதீங்க, ஆடுறவங்க கண்ணு கூசிப் பந்தை விட்டுடுவாங்க.)

உங்க கேமராவுல துடிப்புத் தடுப்புன்னு ஒரு வசதி இருக்கான்னு பாருங்க. 2014-ல் வந்த கேனான் 7டி மார்க் 2-ல் இருந்தது, அதுக்கப்புறம் வந்த பல கேமரா பாடிகள்ல இருக்கு. விளக்கு உச்சத்துல இருக்கிற நேரத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். இல்லைன்னா தொடர்ச்சியா நாலஞ்சு எடுத்து நல்லதை வெச்சுக்கிறதுதான் வழி.

#21 ஜன்னலோரம்

ஓ! என் மிரர்லெஸ் கேமராவுல சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா படம் முழுக்க வரிவரியா வருதே, அதுவும் இதுதானா? மட்டை கூட வளைஞ்ச மாதிரி வருது.

#22 மூன்றாம்கண்

அதேதான், இன்னும் மோசமா. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியா மேலிருந்து கீழே படிக்கும். பெரும்பாலான பாடிகள்ல அதுக்கு எடுக்கிற நேரம் இயந்திரத் திரை கடக்கிறதைவிட அதிகம். அதுக்குள்ள விளக்கு ரெண்டு மூணு தடவை துடிச்சுடும், மட்டையும் நகர்ந்துடும். விளையாட்டுக்கு இயந்திர ஷட்டருக்கு மாத்திடுங்க.

#23 வானம்பாடி

நிழற்குடை சார், என் கேமராவுல அந்த வசதி இல்லாதப்ப நான் செஞ்சது: ஆட்டம் சூடா இருக்கும்போது 1/500-ல தொடர்ச்சியா எடுத்தேன். சர்வீஸ் போடுற நேரம், புள்ளி ஜெயிச்சுக் கத்துற நேரம், பயிற்சியாளர்கிட்டப் பேசுற நேரம் இதுக்கெல்லாம் 1/100-க்கு இறங்கினேன். அப்ப யாரும் ஓடுறதில்லை, நிறம் சுத்தமா வரும், ஐஎஸ்ஓவும் 1600-லிருந்து 320-க்கு வந்துடும். ரெண்டு நிலைக்கு நடுவுல எத்தனை சொடுக்குன்னு விரல்ல பழகி வெச்சுக்குங்க. மூணுல ஒரு பங்கு ஸ்டாப்பா நகர்ற சக்கரத்துல 1/500-லிருந்து 1/100-க்கு ஏழு சொடுக்கு.

#24 நிழற்குடை

ஞாயிறு முடிந்தது. முதல் சுற்றில் வென்றாள், இரண்டாவதில் தோற்றாள்.

நுழைந்ததும் ஐந்து சோதனைப் படம். அந்த அரங்கு கொஞ்சம் பிரகாசம், ஐஎஸ்ஓ 1250-ல் முகம் சரியாக வந்தது. 1/500, எஃப் 2 பூட்டிவிட்டு, எதிர் மூலையில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். துடிப்புத் தடுப்பு என் கேமராவில் இல்லை, ஆகவே வானம்பாடி அவர்கள் சொன்ன ஏழு சொடுக்கு. முந்தின இரவு இருட்டில் உட்கார்ந்து அதையே திருப்பிப் பழகினேன். 340 படத்தில் 60 போலத் தேறின. முன்பெல்லாம் ஒன்றுகூடத் தேறாது.

ஒரு படத்தில் குதித்து உச்சியில் நிற்கிறாள். கண் பந்தின் மேல். மட்டை மட்டும் லேசாக இழுபட்டிருக்கிறது. அதை அவளே அச்சுப் போட்டுத் தரச் சொன்னாள்.

கடைசியாக ஒரு கேள்வி. எல்லாப் படத்திலும் பந்து வெள்ளைக் கோடாகத்தான் வருகிறது. அதைப் பந்தாகவே பிடிக்க எவ்வளவு வைக்க வேண்டும்?

#25 வானம்பாடி

வேகமா அடிச்ச பந்து நொடிக்கு 50 மீட்டருக்கு மேலேயே கிளம்பும். 1/500-ல அது 10 செ.மீ. இழுபடும், பந்தோட நீளத்தைவிட அதிகம். 1/4000 வெச்சாத்தான் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வரும், அதுக்கு இன்னும் மூணு ஸ்டாப் வேணும். ஐஎஸ்ஓ 10000. ஆனா வலைக்குப் பக்கத்துல மெல்லத் தட்டிவிடுற பந்து, சர்வீஸ் போடக் கையை விட்டு நழுவுற பந்து, இதெல்லாம் 1/500-லயே இறகு இறகா நிக்கும். அடுத்த தடவை அவ சர்வீஸ் போடும்போது ஏழு சொடுக்கு கீழே இறங்காம அப்படியே ஒண்ணு எடுத்துப் பாருங்க.